அறியாத பரப்பை அளக்கும் முன் அறிந்த உலோகம்: எஸ்டிஎம்மில் எலக்ட்ரான்களைப் பின்தொடரும்போது

எஸ்டிஎம் (ஸ்கேனிங் டன்னலிங் மைக்ரோஸ்கோப், ஊசிமுனையால் பரப்பின் அணுக்களைக் காட்டும் நுண்ணோக்கி) திரையில் அணுக்கள் வரிசைகட்டித் தெரிந்ததும், இனி நேராக நிறமாலை, அதாவது எந்த ஆற்றலில் எத்தனை எலக்ட்ரான் நிலைகள் என்று காட்டும் வளைவு, எடுத்துவிடலாம் என்ற அவசரம் வரும். அங்கேதான் நிதானம் வேண்டும். படம் நன்றாக வருவது ஒன்று, எலக்ட்ரான்களின் ஆற்றலை நம்பகமாக அளப்பது முற்றிலும் வேறொன்று. ஊசிமுனையில் ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறு ஒட்டியிருந்தால் படம் இன்னும் கூர்மையாகவே தெரியும். அதே முனையில் எடுத்த நிறமாலையில், பரப்பில் இல்லாத சிகரங்கள் முளைத்திருக்கும்.

காரணம் எளிது. முனைக்கும் சாம்பிளுக்கும் (அளக்கப்படும் பொருள்) நடுவேயுள்ள வெற்றிடத்தை எலக்ட்ரான்கள் தாண்டுவதால் வரும் டன்னலிங் மின்னோட்டம் இரண்டு பக்கத்தையும் பொறுத்தது: சாம்பிளில் அந்த ஆற்றலில் எத்தனை எலக்ட்ரான் நிலைகள் இருக்கின்றன, முனையில் எத்தனை இருக்கின்றன. நாம் திரையில் பார்க்கும் டிஐ-டிவி வளைவு, அதாவது மின்னழுத்தத்தைச் சிறிது மாற்றினால் மின்னோட்டம் எவ்வளவு மாறுகிறது என்ற வகைக்கெழு, முனையின் நிலை அடர்த்தி (ஒவ்வொரு ஆற்றலிலும் உள்ள எலக்ட்ரான் நிலைகளின் அளவு) தட்டையாக இருந்தால் மட்டுமே சாம்பிளின் உள்ளிட நிலை அடர்த்தியைக் காட்டும். முனை தட்டையாக இருக்கிறதா என்று முனையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பதில் ஏற்கெனவே தெரிந்த ஓர் உலோகத்தின் மேல் அளந்துதான் சொல்ல முடியும். வெற்றிடம், பரப்பு, முனை, லாக்-இன் (சைகையை இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்கும் பெருக்கி) என்று கீழே வரும் எல்லா வேலையும் அந்தச் சோதனையை நோக்கியே போகிறது.

வெற்றிடம்

10⁻⁶ மில்லிபார் அழுத்தத்தில், மோதும் மூலக்கூறெல்லாம் ஒட்டிக்கொண்டால், ஏறக்குறைய ஒரு விநாடியில் பரப்பை ஓர் அணு அடுக்கு மூடிவிடும். 10⁻¹⁰ மில்லிபாரில் அதற்குச் சுமார் மூன்றரை மணி நேரம் ஆகும். தங்கமும் வெள்ளியும் அறை வெப்பநிலையில் அவ்வளவு எளிதில் எதையும் பிடித்துக்கொள்வதில்லை. சிலிக்கான், இரும்பு, டங்ஸ்டன் போன்றவை பிடித்துக்கொள்ளும். இந்த வகைப் பரப்புகளோடு வேலை என்றால் 10⁻¹¹ வரிசைக்குப் போவதே நல்லது.

சேம்பரைத் திறந்து மூடியபின் 120 முதல் 150 டிகிரி செல்சியஸில் குறைந்தது இரண்டு நாளாவது பேக் செய்ய (சூடாக்கி உலர்த்த) வேண்டும். சுவரில் ஒட்டியிருக்கும் நீர்தான் முதல் எதிரி. சூடு சமமாகப் பரவாவிட்டால் குளிர்ந்த ஒரு ஃபிளாஞ்சில் நீர் ஒதுங்கி, பிறகு வாரக்கணக்கில் கசியும். கண்ணாடி ஜன்னல்களையும் நீண்ட குழாய்களையும் அலுமினியத் தாளால் நன்றாகச் சுற்றுங்கள். பேக் முடிந்து, சேம்பர் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஃபிலமென்ட், அயான் கன், ஆவியாக்கி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சூடாக்கி வாயு நீக்கிவிட வேண்டும். இதைத் தள்ளிப்போட்டால், அளவீட்டு நாளில் முதன்முதலாக ஃபிலமென்டை ஏற்றும்போது அத்தனை அழுக்கும் சுத்தமான படிகத்தின் மேல் வந்து உட்காரும்.

அழுத்தமானி காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். நிறை நிறமாலைமானியில் எந்த வாயு என்று பாருங்கள். நல்ல நிலையில் நிறை எண் 2, அதாவது ஹைட்ரஜன், முன்னால் நிற்கும். 18 உயர்ந்திருந்தால் பேக் போதவில்லை. 28 உயர்ந்து, கூடவே 14-உம் 32-உம் எழுந்தால் அது காற்றுக் கசிவு. 28 மட்டும் உயர்ந்து 32 எழாமல் இருந்தால் பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடு, சூடான ஃபிலமென்டிலிருந்து வருவது.

அளக்கும்போது டர்போ பம்பை நிறுத்தி, வால்வை மூடி, அயான் பம்பில் மட்டும் ஓட்டுங்கள். முனைக்கும் பரப்புக்கும் நடுவே ஓர் ஆங்ஸ்ட்ராம் மாறினால் மின்னோட்டம் ஏறத்தாழ பத்து மடங்கு மாறும். இந்த இடத்தில் சுழலும் எதுவும் அனுமதிக்கத்தக்கதல்ல.

பரப்பு

தங்கம், வெள்ளி, செம்பு மூன்றின் (111) முகத்துக்கும், அதாவது படிகத்தை ஒரு குறிப்பிட்ட திசையில் வெட்டிய பரப்புக்கும், சடங்கு ஒன்றுதான்: ஆர்கான் அயனிகளால் ஸ்பட்டர் செய்து (மேல் அணுக்களைப் பெயர்த்தெடுத்து), பிறகு அனீல் செய்வது (சூடாக்கிப் பரப்பைச் சீராக்குவது). ஆர்கான் அழுத்தம் 5 × 10⁻⁶ முதல் 1 × 10⁻⁵ மில்லிபார், அயனி ஆற்றல் 1 முதல் 1.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட், சாம்பிளில் 5 முதல் 10 மைக்ரோ ஆம்பியர், பத்து பதினைந்து நிமிடம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மைக்ரோ ஆம்பியர் என்றால் விநாடிக்கு சுமார் 3 × 10¹³ அயனிகள். ஒவ்வொன்றும் ஓர் அணுவுக்கு மேல் பெயர்த்தெடுக்கும். பத்து நிமிடத்தில் பத்துக்கும் மேற்பட்ட அடுக்குகள் போய்விடும். பிறகு 450 முதல் 550 டிகிரியில் பத்து நிமிட அனீல். புதிய படிகத்துக்கு இந்தச் சுற்று பல முறை வேண்டும். பழகிய படிகத்துக்கு இரண்டு மூன்று போதும்.

அனீல் செய்யும்போது உள்ளேயிருக்கும் அழுக்கு மேலே வரும். செம்பில் கந்தகம் இப்படித்தான் வருகிறது. முதல் சுற்றுகளில் பரப்பு சுத்தமாகாமல் மேலும் கெட்டதுபோல் தெரிந்தால் பயப்பட வேண்டாம். மேலே வந்ததை அடுத்த ஸ்பட்டர் எடுத்துவிடும். கடைசி அனீல் மட்டும் சற்றுக் குறைந்த வெப்பத்தில், குறைந்த நேரத்துக்கு இருக்கட்டும். இல்லாவிட்டால் சுத்தம் செய்த பரப்பின் மேல் புதிய அழுக்கை நாமே அழைத்துவருகிறோம்.

வெப்பநிலையை அளப்பதில் பெரும் பிழை நேர்கிறது. பளபளப்பான உலோகத்தின் உமிழ்திறன் மிகக் குறைவு. பைரோமீட்டர் (ஒளிர்வை வைத்து வெப்பநிலை காணும் கருவி) படிகத்துக்குப் பதிலாகப் பின்னால் ஒளிரும் ஃபிலமென்டைப் பார்த்துவிட்டு எண் சொல்லும். படிகத்துக்கு அருகே தெர்மோகப்பிள் இருப்பதே பாதுகாப்பு. வெள்ளி 962 டிகிரியில் உருகும். அதற்கு வெகு முன்பே ஆவியாகித் தாங்கியெல்லாம் பூசிவிடும். இன்னொரு எச்சரிக்கை: சிலிக்கான் துண்டு பொருத்தியிருந்த தாங்கியில் தங்கப் படிகத்தை வைக்காதீர்கள். தங்கமும் சிலிக்கானும் சேர்ந்தால் 363 டிகிரியிலேயே உருகிக் கலந்துவிடும். ஒரு சிறு சிலிக்கான் துகள் விலையுயர்ந்த படிகத்தைத் தின்றுவிடப் போதும்.

தங்கம் சுத்தமாகிவிட்டதா என்று அதுவே சொல்லும். அதன் (111) முகத்தில் மேல் அடுக்கு அணுக்கள் சற்று நெருங்கி அமர்ந்து, ஹெரிங்போன் என்று நாம் அழைக்கும் வளைந்து வளைந்து செல்லும் இரட்டைக் கோடுகளை உண்டாக்கும். கோட்டு இணைகளுக்கு இடையே சுமார் 63 ஆங்ஸ்ட்ராம், உயரம் ஓர் ஆங்ஸ்ட்ராமில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும். இவை அகன்ற தளத்தில் தடையின்றி ஓடினால் பரப்பு நல்லது. கோடுகள் நடுவில் அறுந்தோ ஓரிடத்தில் குவிந்தோ இருந்தால் அங்கே அழுக்கு அவற்றைப் பிடித்துவைத்திருக்கிறது. இதே கோடுகளையும் படி (ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கான ஓர் அணு உயர ஏற்றம்) உயரங்களையும் வைத்துப் பீசோவையும் (மின்னழுத்தத்தால் நீண்டு சுருங்கி முனையை நகர்த்தும் பொருள்) சரிபாருங்கள். தங்கத்தின் படி 2.35 ஆங்ஸ்ட்ராம், செம்பின் படி 2.08. பக்கவாட்டுக்கு அணு இடைவெளிகள்: தங்கம் 2.88, செம்பு 2.55, கிராஃபைட் 2.46. பீசோவின் நீட்சி குளிரில் மிகவும் குறைந்துவிடும். அறை வெப்பநிலையில் செய்த அளவுத்திருத்தத்தை 4 கெல்வினில் பயன்படுத்தினால் எல்லா நீளமும் தவறு. எந்த வெப்பநிலையில் அளக்கிறோமோ அங்கேயே திருத்த வேண்டும்.

சிலிக்கானின் (111) முகம் தனி வகை. இரவு முழுதும் 600 டிகிரியில் வாயு நீக்கி, பிறகு சில விநாடிகள் 1200 டிகிரிக்குச் சற்று மேல் ஏற்றி இறக்க வேண்டும். அந்த நேரத்தில் அழுத்தம் 10⁻⁹ மில்லிபாரைத் தாண்டவிடக் கூடாது. தாண்டினால் கரி சிலிக்கான் கார்பைடாகி நிரந்தரமாக நின்றுவிடும். 900 டிகிரியிலிருந்து 800 வரை மெதுவாக இறக்கினால் 7×7 அமைப்பு (மேல் அணுக்கள் ஏழு மடங்கு பெரிய அலகாக அடுக்கிக்கொண்ட ஒழுங்கு) அகன்ற தளங்களில் உருவாகும். வேகமாக இறக்கினால் ஒழுங்கற்ற திட்டுகள் மிஞ்சும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இடுக்கியால் சிலிக்கானைத் தொடாதீர்கள். தொட்ட இடத்திலிருந்து நிக்கல், சூட்டில் முகமெங்கும் பரவிவிடும். செராமிக் முனை கொண்ட இடுக்கியே வேண்டும்.

ஊசிமுனை

டங்ஸ்டன் கம்பி, 0.25 மில்லிமீட்டர் விட்டம். 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மூழ்கவைத்து, கம்பியை நேர்மின்வாயாக்கி, ஐந்து வோல்ட்டுக்கு அக்கம்பக்கமாக நேர் மின்னழுத்தம் தர வேண்டும். கரைசலின் மேற்பரப்பில் கம்பி கழுத்துப்போல் மெலிந்து, கீழ்ப்பாதி தன் எடையாலேயே அறுந்து விழும். அந்தக் கணத்திலேயே மின்சாரம் நிற்க வேண்டும். தாமதித்தால் மேல்முனை கரைந்து மழுங்கும். கையால் நிறுத்துவது போதாது, மின்னோட்டம் சட்டென்று விழுவதைக் கண்டு துண்டிக்கும் சுற்று தேவை. எதிர்மின்வாயில் எழும் ஹைட்ரஜன் குமிழ்கள் கரைசலின் பரப்பை ஆட்டி முனையைக் கோணலாக்கும். அதைத் தள்ளி வையுங்கள், அல்லது நடுவே ஒரு தடுப்பு வையுங்கள். முடிந்ததும் சூடான காய்ச்சி வடித்த நீரில் கழுவி, ஐசோபுரோப்பனாலில் ஒருமுறை தோய்க்க வேண்டும். காரம் காய்ந்து உப்பாகிவிட்டால் எந்தச் சூட்டுக்கும் அது முழுதாகப் போகாது.

வெளியே எடுத்த டங்ஸ்டன் முனைமேல் ஆக்சைடு படிந்திருக்கும். வெற்றிடத்துக்குள் எலக்ட்ரான் மோதலால் சிவக்கச் சூடாக்கி அதை ஆவியாக்க வேண்டும். அதிகம் சூடாக்கினால் முனை உருண்டு மழுங்கும்.

இதெல்லாம் செய்தாலும் நிறமாலைக்கு உகந்த முனை இன்னும் கிடைக்கவில்லை. அது தங்கத்தின் மேலோ வெள்ளியின் மேலோதான் உருவாகிறது. சுத்தமான தளத்தில் முனையை 5 முதல் 20 ஆங்ஸ்ட்ராம் வரை மெல்ல உள்ளே அழுத்தி எடுப்பது, இடையிடையே 4 முதல் 8 வோல்ட்டில் சில மில்லி விநாடித் துடிப்புகள் கொடுப்பது, இவைதான் வழி. முனை தங்க அணுக்களால் மூடப்பட்டுவிட்டால் ஃபெர்மி மட்டத்தை (எலக்ட்ரான்கள் நிரம்பிய ஆற்றலின் மேல் எல்லை) ஒட்டி அதன் நிலை அடர்த்தி ஏறத்தாழத் தட்டையாகும். ஒவ்வொரு முறையும் அழுத்திய இடத்தைப் படமெடுத்துப் பாருங்கள். ஒரே ஒரு வட்ட மேடு இருந்தால் முனை ஒன்று. இரண்டு மேடு இருந்தால் இரட்டை முனை. நீண்ட கீறல் இருந்தால் பக்கவாட்டில் எதையோ இழுக்கிறது. பிறகு குறைந்தது 50 நானோமீட்டர் நகர்ந்து, தொடாத தளத்தில் அடுத்த சோதனை.

விரைவான வடிகட்டி ஒன்று உண்டு: பின்னூட்டத்தை (மின்னோட்டம் மாறாதபடி முனையின் உயரத்தைச் சரிசெய்யும் சுற்று) துண்டித்து முனையை மெல்லப் பின்வாங்கி, மின்னோட்டம் எப்படி விழுகிறது என்று பதியுங்கள். சுத்தமான உலோகங்களுக்கிடையே வெளியேற்று ஆற்றல் (உலோகத்திலிருந்து எலக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையான ஆற்றல்) 4.5 எலக்ட்ரான் வோல்ட் அளவில் இருக்கும்போது, ஒவ்வொரு 1.06 ஆங்ஸ்ட்ராமுக்கும் மின்னோட்டம் பத்தில் ஒன்றாகும். இரண்டு ஆங்ஸ்ட்ராம் தேவைப்பட்டால் தடையின் உயரம் வெறும் 1.3 எலக்ட்ரான் வோல்ட்தான் என்று பொருள். நடுவே ஏதோ அழுக்கு அமுங்கிக்கொண்டிருக்கிறது. அந்த முனையோடு மேலே போவது வீண்.

லாக்-இன்

சாம்பிள் மின்னழுத்தத்தின் மேல் சிறிய சைன் அலை ஒன்றைச் சேர்த்து, அதே அதிர்வெண்ணில் மின்னோட்டம் எவ்வளவு ஆடுகிறது என்று லாக்-இன் பெருக்கியால் பிரித்தெடுக்கிறோம். அதிர்வெண்ணைத் தேர்வதில் அக்கறை வேண்டும். மின்வழங்கலின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸின் மடங்குகளைத் தவிர்க்க 731, 787 போன்ற எண்கள். ஸ்கேனரின் இயந்திர ஒத்திசைவுகளையும் தவிர்க்க வேண்டும். முன்பெருக்கியின் (சிறிய டன்னலிங் மின்னோட்டத்தை முதலில் பெருக்கும் சுற்று) பெருக்கம் 10⁹ என்றால் அதன் பட்டையகலம் சுமார் 1 கிலோ ஹெர்ட்ஸ் வரைதான் இருக்கும். அந்த எல்லையை நெருங்கினால் கட்டம் (அலையின் முன்பின் நிலை) பிறழும்.

கட்டத்தைச் சரிசெய்யும் முறை இது: முனையைச் சில நூறு நானோமீட்டர் பின்வாங்குங்கள். டன்னலிங் நின்றுவிடும், மின்தேக்கு மின்னோட்டம் மட்டும் மிஞ்சும். அது நமக்கு வேண்டிய சைகைக்கு 90 டிகிரி முன்னே நிற்பது. அதை முழுதும் ஒய் சேனலுக்குத் தள்ளி, எக்ஸ் சேனலில் சுழியாகும்படி கட்டத்தைத் திருப்பினால் எக்ஸ் சேனலில் டிஐ-டிவி மட்டும் வரும். முன்பெருக்கியின் பெருக்கத்தை மாற்றினால் இதைத் திரும்பவும் செய்ய வேண்டும்.

எவ்வளவு அலைவு தரலாம்? வெப்பத்தால் சிகரத்துக்கு வரும் அகலம் சுமார் 3.5 மடங்கு போல்ட்ஸ்மன் மாறிலி பெருக்கல் வெப்பநிலை. 4.2 கெல்வினில் 1.3 மில்லி எலக்ட்ரான் வோல்ட், 77 கெல்வினில் 23, அறை வெப்பநிலையில் 90. அலைவால் வரும் அகலம் அதன் ஆர்எம்எஸ் (வர்க்கச் சராசரியின் வர்க்கமூல) மதிப்பைப்போல் சுமார் 2.5 மடங்கு. இரண்டையும் வர்க்கங்களாகக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 4.2 கெல்வினில் 2 மில்லிவோல்ட் ஆர்எம்எஸ் தந்தால் மொத்தம் 5.2 மில்லி எலக்ட்ரான் வோல்ட், அங்கே வெப்பம் ஒரு பொருட்டே அல்ல. 77 கெல்வினிலோ 5 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போவதால் எந்தப் பயனும் இல்லை, இரைச்சல்தான் கூடும். அலைவைப் பாதியாக்கினால் சைகையும் பாதியாகும், பழைய தெளிவை மீட்க நான்கு மடங்கு நேரம் வேண்டும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

லாக்-இன் கால மாறிலி 10 மில்லி விநாடி என்றால் ஒவ்வொரு புள்ளியிலும் 50 மில்லி விநாடியாவது காத்திருக்க வேண்டும். ஏறுமுகமாகவும் இறங்குமுகமாகவும் ஓட்டி இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். இரண்டும் பக்கவாட்டில் விலகியிருந்தால் வேகம் அதிகம். உயரத்தில் விலகியிருந்தால், பின்னூட்டம் துண்டித்திருந்த நேரத்தில் முனை நகர்ந்திருக்கிறது. பெரிய இடமாற்றத்துக்குப் பின் பீசோ நெடுநேரம் மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கும், அது அடங்கும்வரை நிறமாலை எடுக்காதீர்கள்.

மின்னழுத்தத்தின் சுழி எங்கே என்பதையும் நிச்சயப்படுத்த வேண்டும். முன்பெருக்கியின் உள்ளீட்டில் ஒன்றிரண்டு மில்லிவோல்ட் பிசகு சாதாரணம். மூன்று நான்கு வெவ்வேறு முனை உயரங்களில் மின்னோட்ட-மின்னழுத்த வளைவுகள் எடுத்தால் அவை எல்லாம் ஒரே புள்ளியில் வெட்டிக்கொள்ளும். அந்தப் புள்ளிதான் உண்மையான சுழி. மின்னழுத்தத்தின் குறியும் கருவிக்குக் கருவி மாறும், சிலவற்றில் மின்னழுத்தம் சாம்பிளுக்குப் பதில் முனைக்குத் தரப்படுகிறது. இதை அடுத்த சோதனையே காட்டிக்கொடுக்கும்.

அறிந்த உலோகத்தின் சாட்சி

இந்த மூன்று உலோகங்களின் (111) முகத்தில், படிகத்தின் உட்பகுதியில் எலக்ட்ரானுக்கு இடமில்லாத ஆற்றல் இடைவெளி ஒன்று இருக்கிறது. வெளியே வெற்றிடம். இரண்டுக்கும் நடுவே, பரப்பில் மட்டும் சிக்கி இரு பரிமாணத்தில் தடையின்றி ஓடும் எலக்ட்ரான்கள் உண்டு, இதுவே பரப்பு நிலை. இவற்றின் ஆற்றல் அடிமட்டத்தில் டிஐ-டிவி வளைவு படிக்கட்டுபோல் சட்டென்று உயரும். குறைந்த வெப்பநிலையில் அந்த ஏற்றம் செம்பில் சுமார் −445 மில்லிவோல்ட்டில், வெள்ளியில் −67-இல், தங்கத்தில் −505 அருகே நிற்கும். சாம்பிள் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும்போது நிரம்பிய நிலைகளைப் பார்க்கிறோம். ஏற்றம் நேர்ப்பக்கம் வந்தால் குறி தலைகீழ்.

இந்த ஏற்றத்தின் அகலமும் கருவியின் தரத்தைச் சொல்லும். நிலையின் ஆயுளால் வரும் அகலம் வெள்ளியில் சுமார் 6 மில்லி எலக்ட்ரான் வோல்ட், தங்கத்தில் 18, செம்பில் 24. வெள்ளியின் ஏற்றம் பத்து மில்லிவோல்ட்டுக்குள் முடியவில்லை என்றால் அலைவு அதிகம், அல்லது கம்பி வழியே ரேடியோ அதிர்வெண் இரைச்சல் நுழைகிறது. 4 கெல்வினில் வெள்ளியை மிஞ்சிய சாட்சி இல்லை என்பது எங்கள் கருத்து. தங்கத்தில் ஹெரிங்போன் கோடுகளுக்கு இடையே இடத்துக்கு இடம் எலக்ட்ரான் அடர்த்தி மாறுகிறது, எந்தப் புள்ளியில் அளந்தோம் என்பதைப் பொறுத்து வளைவும் மாறும். 77 கெல்வினிலோ வெள்ளியின் ஏற்றம் ஃபெர்மி மட்டத்துக்கு மிக அருகில் இருப்பதால் வெப்பத்தில் கரைந்துபோகும். அங்கே செம்பை நாடுங்கள். வெப்பநிலை உயர உயர அடிமட்டமே மேலே நகரும் என்பதால், அறை வெப்பநிலை எண்ணைக் குளிர்நிலை எண்ணோடு ஒப்பிடவும் கூடாது.

அளக்கும் இடம் படிகளிலிருந்து 10 நானோமீட்டருக்கு மேல் தள்ளி, அகன்ற தளத்தின் நடுவே இருக்கட்டும். இரு படிகளுக்கிடையே சிக்கிய குறுகிய தளத்தில் எலக்ட்ரான் அடைபட்டு, ஏற்றம் உயர்ந்த ஆற்றலுக்கு நகரும். முனையை மிக நெருக்கினாலும் எண் மாறும். முனையின் மின்புலம் வெள்ளியின் அடிமட்டத்தைக் கீழே தள்ளுவது நன்கு அறியப்பட்ட விளைவு. ஆகவே ஒரே தொடர் அளவீடு முழுதும் நிலைநிறுத்தும் மின்னழுத்தமும் மின்னோட்டமும், உதாரணமாக 500 மில்லிவோல்ட், 0.5 நானோ ஆம்பியர், மாறாமல் இருக்க வேண்டும்.

ஏற்றம் சரியான இடத்தில், சரியான கூர்மையோடு, அதன் மேல் தட்டையாக வந்தால்தான் முனை தேறியது. அதன் பிறகே அறியாத மூலக்கூறிடமோ புதிய படலத்திடமோ போக வேண்டும். அங்கே அளந்து முடித்ததும் உலோகத்துக்கே திரும்பி வந்து மறுபடி அளக்க வேண்டும். பின்னால் எடுத்த வளைவு மாறியிருந்தால், நடுவில் எடுத்தது எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். நடுவில் எந்தக் கணத்தில் முனை மாறியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

அலைகளைப் படிப்பது

1993-இல் இரண்டு குழுக்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒன்று செம்பிலும் மற்றொன்று தங்கத்திலும், படிகளில் மோதித் திரும்பும் பரப்பு எலக்ட்ரான்கள் உண்டாக்கும் நிலை அலைகளை எஸ்டிஎம்மில் பதிவுசெய்தன. அதே ஆண்டு கிராமி, லட்ஸ், ஐக்லர் மூவரும் செம்பின் (111) முகத்தில் 48 இரும்பு அணுக்களை 71.3 ஆங்ஸ்ட்ராம் ஆரமுள்ள வளையமாக அடுக்கி, அதற்குள் எலக்ட்ரான் அலைகள் வட்டங்களாக நிற்பதைக் காட்டினார்கள். அந்தப் படத்தின் அழகில் மயங்காதவர் இல்லை. நமக்கு அதைவிட முக்கியம், அலைகளின் நீளத்திலிருந்து எலக்ட்ரானின் பயனுறு நிறையையே (படிகத்தில் அது நகரும் விதத்தில் தெரியும் நிறை) எடுக்க முடியும் என்பது.

கணக்கு இப்படி. செம்பில் அடிமட்டம் ஃபெர்மி மட்டத்துக்கு 0.44 எலக்ட்ரான் வோல்ட் கீழே, பயனுறு நிறை சாதாரண எலக்ட்ரானின் 0.38 மடங்கு. இதிலிருந்து ஃபெர்மி மட்டத்தில் எலக்ட்ரானின் அலைநீளம் 30 ஆங்ஸ்ட்ராம். ஆனால் படத்தில் முகட்டுக்கும் முகட்டுக்கும் இடையே 15 ஆங்ஸ்ட்ராம்தான் இருக்கும். நாம் பார்ப்பது அலையை அல்ல, அதன் வர்க்கத்தை. இந்தப் பாதியை மறந்து நிறையில் நான்கு மடங்கு பிழை செய்வது அடிக்கடி நடக்கிறது. வெள்ளியில் அதே கணக்கு 76 ஆங்ஸ்ட்ராமும் 38 ஆங்ஸ்ட்ராமும் தரும்.

படத்தை அலைகளாகப் பிரிக்கும் ஃபூரியே மாற்றம் செய்வதானால் படத்தின் அளவே துல்லியத்தைத் தீர்மானிக்கும். 50 நானோமீட்டர் படத்தில் அலை எண்ணின் மிகச்சிறு படி ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கு 0.0126. செம்பின் சைகை 0.42-இல் வருவதால் அது 3 விழுக்காடு. வெள்ளியின் சைகை 0.165-இல் வருவதால் அதே படத்தில் கிட்டத்தட்ட 8 விழுக்காடு. வெள்ளிக்கு 100 நானோமீட்டருக்குக் குறையாத படம் வேண்டும். நேரான ஒரே படியின் எதிரே, அதற்குச் செங்குத்தான ஒரு கோட்டின் வழியே மட்டும் நிறமாலைகள் எடுப்பது பல நேரங்களில் முழு வரைபடத்தைவிடச் சிக்கனம், தெளிவும் கூட.

முழு வரைபடம்தான் வேண்டும் என்றால் நேரத்தை முன்கூட்டிக் கணக்கிடுங்கள். 128-க்கு 128 புள்ளிகள், புள்ளிக்கு 5 விநாடி என்றால் சுமார் 23 மணி நேரம். குளிர்விக்கும் ஹீலியம் அதற்குள் தீருமா, முனை தாங்குமா என்று பார்த்தபின் தொடங்க வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்த, பின்னூட்டத்தைத் துண்டிக்காமல் மாறா மின்னோட்டத்திலேயே டிஐ-டிவி படம் எடுப்பதும் உண்டு. அதில் ஒரு பொறி இருக்கிறது. மின்னோட்டத்தை மாறாமல் வைக்க முனை ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்திலேயே வேறு ஆற்றல்களின் அலைகள் கலந்திருக்கும், அவை டிஐ-டிவி படத்தில் தலைகீழாகப் பதியும். ஆற்றலை மாற்றினாலும் அலைநீளம் மாறாத கோடுகள் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

எஸ்டிஎம் தனியாகச் சொல்ல முடியாதவையும் இருக்கின்றன. தங்கத்தின் பரப்பு நிலை எலக்ட்ரானின் சுழற்சியால் (ஸ்பின்) இரண்டாகப் பிளந்திருப்பதை 1996-இல் கோணம் பிரித்த ஒளி உமிழ்வு முறை (ஒளி பட்டு வெளியேறும் எலக்ட்ரான்களின் ஆற்றலையும் கோணத்தையும் அளப்பது) காட்டியது. படிகளில் நிற்கும் அலைகளிலோ அந்தப் பிளவு தெரியாது, ஏனெனில் மோதித் திரும்பும்போது சுழற்சி நோக்குநிலைகள் பொருந்தும் இணைகள் எல்லாம் ஒரே அலைநீளத்தையே தருகின்றன. மறுபுறம், ஒளி உமிழ்வு முறை பரப்பின் பெரும் பகுதியைச் சராசரி செய்துவிடும். ஒற்றைக் குறையின் அருகே எலக்ட்ரான் என்ன செய்கிறது என்று அதனிடம் கேட்க முடியாது. புதிய பொருளைத் தொடுபவர்கள் இரண்டையும் சேர்த்தே திட்டமிடுவது நல்லது.

குறைகடத்திகளில் இன்னொரு சிக்கல் சேரும். முனையின் மின்புலம் பரப்புக்குள் ஊடுருவி ஆற்றல் பட்டைகளையே வளைத்துவிடும், அளக்கும் இடைவெளி உண்மையைவிட அகலமாகத் தெரியும். பல முனை உயரங்களில் அளந்து, இடைவெளியின் விளிம்புகள் நகர்கின்றனவா என்று பார்ப்பதே முதல் சோதனை. நகர்ந்தால், ஒரே உயரத்தில் எடுத்த எண்ணை இடைவெளி என்று எழுதக் கூடாது.

கோப்பில் எதைச் சேமிப்பது என்பதைப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். லாக்-இன் சேனலோடு மின்னோட்டத்தையும் சேர்த்தே பதியுங்கள். லாக்-இன் தருவது தன்னிச்சையான அலகு. மின்னோட்ட வளைவை எண்முறையில் வகையிட்டு அதோடு பொருத்தினால்தான் டிஐ-டிவி நானோ சீமன்ஸில் கிடைக்கும். இரண்டின் வடிவமும் பொருந்தாவிட்டால் கட்டமோ பட்டையகலமோ தவறியிருக்கிறது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு கோப்பிலும் நிலைநிறுத்திய மின்னழுத்தம், மின்னோட்டம், அலைவின் அளவு, அதிர்வெண், கட்டம், கால மாறிலி, வெப்பநிலை எல்லாம் இருக்க வேண்டும். அலைவை எழுதும்போது அது ஆர்எம்எஸ்ஸா, உச்சமா, உச்சத்திலிருந்து உச்சமா என்று சேர்த்தே குறித்துவையுங்கள். ஆர்எம்எஸ்ஸுக்கும் உச்சத்திலிருந்து உச்சத்துக்கும் இடையே 2.8 மடங்கு வேறுபாடு, சிகரத்தின் அகலத்தை வைத்து ஆயுளைக் கணக்கிடும்போது அது முழுதும் அப்படியே பிழையாக வந்து சேரும்.